பைக் சைடு லாக் மாட்டிக்கொண்டால்

கோவை ரயில் நிலைய ஸ்டாண்டு, இரவு ஒன்பது மணி. சாவி உள்ளே போகிறது, திரும்பத்தான் மாட்டேன் என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதில் சாவியின் கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டது. டோக்கன் கொடுக்கும் அண்ணன் அதுவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். "ஏனுங்க தம்பி, சாவிய உட்டுட்டு ஹேண்டிலப் புடிங்க" என்றார். அரை நிமிடத்தில் திறந்துவிட்டது.

அவர் செய்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். லாக்கைக் கழற்றுவது, எண்ணெய் விடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஹேண்டில்

சைடு லாக் போட்டால் சாவி சிலிண்டருக்கு அடியிலிருந்து ஒரு இரும்பு முளை நீண்டு, சேஸிஸில் இருக்கும் பள்ளத்தில் உட்காரும். ஸ்டாண்டில் பக்கத்து வண்டியை நெருக்கித் தள்ளும்போது நம் ஹேண்டில் ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும். அந்த முழு அழுத்தமும் முளையின் மேல். அப்போது சாவியைத் திருகுவது, ஆள் சாய்ந்து நிற்கும் கதவின் தாழ்ப்பாளை இழுப்பது மாதிரிதான். தாழ்ப்பாளில் கோளாறே இருக்காது.

ஆகவே இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து, பூட்டிய நிலையிலேயே இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இரண்டு பக்கமும் இடிக்காத நடுப்புள்ளி ஒன்று உண்டு. ஹேண்டிலை அங்கே நிறுத்தி, வலது கையின் இரண்டே விரலால் சாவியைத் திருப்புங்கள். முழுக் கையால் பிடித்தால் பலம் தானாக ஏறிவிடும், நான் கெடுத்துக்கொண்டது அங்கேதான்.

முன்சக்கரம் பள்ளத்திலோ கல்லிலோ முட்டி நின்றால் நடுப்புள்ளி கிடைக்காது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, யாரையாவது பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் லேசாகிவிடும்.

அப்படியும் திரும்பவில்லை என்றால்

வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி போனால்தான் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து சிலிண்டர் சுற்றும். பல வருடம் ஓடிய சாவியின் பள்ளங்கள் தேய்ந்திருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். புதுச் சாவியில் திறந்தால் கோளாறு லாக்கில் இல்லை. டூப்ளிகேட் போடும்போது அந்தப் புதுச் சாவியைக் கொடுத்துப் போடுங்கள். தேய்ந்ததைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டித் தருவார்கள்.

இரண்டு சாவியும் முரண்டு பிடித்தால் அழுக்குதான். டபிள்யூடி-40 ஸ்பிரேயின் சிவப்புக் குழாயைத் துவாரத்தில் வைத்து ஒரே ஒரு அழுத்து. ஐந்து நிமிடம் விட்டு, சாவியைத் திருப்பாமல் இருபது தடவை உள்ளே விட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். கறுப்பாக வந்துகொண்டே இருக்கும். நிற்கும்வரை விடாதீர்கள்.

எண்ணெய் விவகாரம்

எங்கள் வீட்டில் கதவுக் கீலிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். லாக்கிலும் விட்டேன். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும் என்பது மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டிலில் உறைவது லாக்குக்குள் மட்டும் உறையாதா? அந்த மாதம் முழுக்க வெயில் ஏறிய பிறகுதான் வண்டி எடுத்தேன். என்ஜின் ஆயில் உறையாது, ஆனால் ஆடிக்காற்றுப் புழுதியை இழுத்துச் சேறாக்கிவிடும்.

டபிள்யூடி-40 அழுக்கையும் ஈரத்தையும் விரட்டத்தான். பெயரிலேயே இருக்கிறது: நீரை விலக்கும் கலவை, நாற்பதாவது முயற்சி. நீண்ட நாள் வழவழப்புக்கு அது போதாது. காய்ந்த பிறகு டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே ஒரு அழுத்து, என் ஓட்டு அதற்குத்தான். கிடைக்காவிட்டால் சிலிக்கோன் ஸ்பிரே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயம், துவாரம் வானத்தைப் பார்த்து இருப்பதால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். வாட்டர் சர்வீஸில் துவாரத்தின் மேல் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தாகத் தொங்கவிடாதீர்கள், அந்தக் கனம் ஓட்டம் முழுக்க ஆடி ஆடித் தகடுகளைத் தேய்க்கும்.

பிறகு சேர்த்தது

பென்சில் தூள் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். வீட்டுப் பூட்டுக்குப் போடலாம், எண்ணெய் படாததாக இருந்தால். பைக்கில் வேண்டாம். சாவி சிலிண்டருக்கு அடியிலேயே இக்னிஷன் கான்டாக்ட் இருக்கிறது, கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்.

சாவி உள்ளேயே முறிந்துவிட்டதென்றால் ஃபெவிக்விக்கைத் தீக்குச்சியில் தடவி ஒட்டி இழுக்கும் வித்தையைச் செய்யாதீர்கள், தகடுகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால், சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் சாவி போடும் நேர்நிலைக்குக் கொண்டுவாருங்கள். மற்ற நிலைகளில் துண்டு வெளியே வராது. ஒரு துளி ஸ்பிரே விட்டு, மெல்லிய ரம்பத் தகட்டைப் பல் வெளிப்பக்கம் பார்க்கும்படி நுழைத்துக் கொக்கி போல் இழுங்கள். வந்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு துண்டையும் கொடுத்தால் சாவிக்கடைக்காரர் ஒட்டவைத்துப் பார்த்தே புதுசு வெட்டிவிடுவார்.