ஒட்டகச்சிவிங்கிச் சரணாலயம்: பார்வையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே இருந்துவிடுகிறார்கள். சரணாலயத்தில் சீக்கிரம் கெட்டுப்போவது காலுக்குக் கீழே இருக்கும் மண். கென்யா போன்ற நாடுகளில் பல காப்பகங்கள் விலங்கோடு சேர்த்து, அளவுமீறிய மேய்ச்சலாலும் மண்ணரிப்பாலும் மொட்டையாகிப்போன நிலத்தையும் மீட்டு வருகின்றன. மரம் இல்லாவிட்டால் ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி ஏது? எனவே மண் விஷயத்தில் செய்யும் தவறுகளை முதலில் பார்ப்போம்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று ஓட்டுநரை நச்சரித்து வண்டியைத் தடத்தை விட்டு இறக்க வைப்பதுதான் பெரிய தவறு. சக்கரம் அழுத்திய மண்ணில் தண்ணீர் இறங்காது. அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகும், சில பருவங்களில் ஆழமாக அரித்துக்கொண்டு போகும். கரிசல் மண் என்றால் இன்னும் மோசம். ஈரத்தில் வண்டி புதையும், அதை இழுத்தெடுக்க வரும் வண்டி தன் பங்குக்கு இன்னொரு பள்ளம் போடும். ஒட்டகச்சிவிங்கி விரும்பித் தின்னும் விசில் முள்வேல மரங்கள் பெரும்பாலும் இந்தக் கரிசலில்தான் வளர்கின்றன.

சரிவுகளில் பிறை வடிவக் குழிகள் தென்படலாம். சரிவின் கீழ்ப்பக்கம் மண்கரை, மேல்பக்கம் திறப்பு. ஓடிவரும் மழைநீரைப் பிடித்து, உள்ளே புல்லும் செடியும் முளைக்க வைப்பதற்கான ஏற்பாடு இது. படமெடுக்கக் கரைமேல் ஏறி நின்று ஓரிடத்தில் உடைத்துவிட்டால், தேங்கிய நீர் முழுவதும் அந்த உடைப்பு வழியே பாய்ந்து கரையையே அடித்துக்கொண்டு போய்விடும். வேலியடைத்த "காலி" இடங்களும் அப்படித்தான். பார்க்கப் பொட்டலாகத் தெரியும், உள்ளே விதைத்த புல் வேர்பிடித்துக்கொண்டிருக்கும். வெற்று நிலத்தின் மேல் கறுப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஓடு நுண்ணுயிர்கள் கட்டியது. மண்ணைக் காற்றும் மழையும் கொண்டுபோகாமல் காப்பது அதுதான். ஒரு மிதியில் நொறுங்கும், திரும்ப உருவாக வருடக்கணக்காகும்.

பலர் யோசிக்காத இன்னொன்று விதை. நமக்கு நன்றாகத் தெரிந்த பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மேய்ச்சல் நிலங்களை விழுங்குகின்றன. இவற்றில் பார்த்தீனியத்தின் விதை மிகச் சிறியது, காலணிச் சேற்றிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும். கிளம்புவதற்கு முன்பே காலணியின் அடிவரிகளைக் காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். காலுறை, பையின் வெல்க்ரோ, கால்சட்டை மடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். எடுத்ததை மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். சரணாலய வாசலில் வைத்து உதறினால் செய்த வேலையெல்லாம் வீண்.

இனி விலங்கு. எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது என்பதை அந்தந்த இடத்து விதி சொல்லும். விதியைவிட நம்பகமான அளவுகோல் அதன் நடத்தை. மெல்லுவதை நிறுத்தி உங்களையே பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். முன்னங்கால்களை அகட்டித் தண்ணீர் குடிக்கும்போது அதனால் சட்டென்று ஓட முடியாது, அந்த நேரத்தில் இன்ஜினை இயக்காதீர்கள். கூட்டம் முழுவதும் வேறொரு பக்கம் வெறித்துப் பார்த்தால், அந்தத் திசையில் சிங்கம் இருக்கலாம். நடைப்பயணத்தில் வழிகாட்டியை விட்டுப் பிரியாதீர்கள்.

தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டு, தாய் கைவிட்டுவிட்டது என்று அருகே போகிறவர்கள் உண்டு. பிறந்த முதல் சில வாரங்கள் குட்டி மறைவில் படுத்திருப்பதும், தாய் மேய்ந்துவிட்டு வந்து பாலூட்டுவதும் இயல்புதான். இடையில் போய் நிற்பவர் மாட்டிக்கொள்வார். சிங்கத்தையே கொல்லக்கூடியது தாயின் உதை.

நைரோபியின் ஒட்டகச்சிவிங்கி மையம் போன்ற இடங்களில் கையால் தீனி கொடுக்கலாம். பணியாளர் தரும் தீனி உருண்டையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இது அசைபோடும் விலங்கு. ரொட்டி போன்ற மாவுப்பண்டம் அதன் வயிற்றில் அமிலத்தைக் கூட்டிவிடும். கழுத்தின் வீச்சுக்குள் முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதும் ஆபத்து. தலையால் முட்டினால் ஆளே விழுந்துவிடுவார்.

உடை விஷயம் சுருக்கமாக: கருநீலமும் கறுப்பும் செட்சி ஈ என்னும் கடிக்கும் ஆப்பிரிக்க ஈயை இழுக்கும். இராணுவப் பாணி உருமறைப்பு உடைக்குச் சில ஆப்பிரிக்க நாடுகளில் சட்டப்படியே தடை உண்டு.

மழைக்காலத்தில் எங்கும் பச்சையாக இருக்கும், விலங்குகள் நிறையத் தெரியும் என்று நினைப்பதும் தவறு. எங்கும் தழை கிடைப்பதால் அவை சிதறிவிடும். கோடையில் ஆற்றோரப் பசுமரங்களை நாடிவரும். நேரம் என்றால் காலையும் பிற்பகலின் பிற்பகுதியும்தான். உச்சிவெயிலில் பெரும்பாலும் நிழலில் நின்று அசைபோடும், கானல் அலையில் படமும் தெளிவாக வராது.

ஒட்டகச்சிவிங்கியின் உடலில் உள்ள திட்டுகளின் வடிவம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று மாறும். ஆய்வாளர்கள் அதை வைத்தே தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். முகத்தை மட்டும் எடுத்த படம் அதற்கு உதவாது. கழுத்தடி முதல் பின்தொடை வரை முழு விலாவும் நேர்ப்பக்கமாக, கிளை மறைக்காமல் வேண்டும். இடது, வலது வடிவங்கள் வேறுவேறு என்பதால் முடிந்தால் இரண்டையும் எடுங்கள். தேதியும் இடமும் சேர்த்துச் சரணாலய ஊழியர்களிடம் கொடுங்கள். சமூக ஊடகத்தில் போடுவதானால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். இறைச்சிக்காகவும் வால்முடிக்காகவும் வேட்டையாடுகிறவர்களும் அதைப் பார்க்கக்கூடும்.