ஆரம்ப வகுப்பில் பிள்ளையின் ஓர் ஆண்டு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பாடசாலை தொடங்குவதற்கு முந்திய கிழமையில், புதிதாக வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, எவருடைய உதவியும் இல்லாமல் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். நான் தரம் 1 கற்பித்த காலத்தில், இடைவேளை தோறும் பெட்டியை மடியில் வைத்தபடி “பசிக்கேல்லை ரீச்சர்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் இருந்தான். நான்காம் நாள் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தபோதுதான், நான்கு பக்கமும் கொளுக்கி போட்ட அந்த மூடியைத் திறக்கும் பலம் அவன் விரல்களுக்கு இல்லை என்பதும், அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது என்பதும் எனக்கு விளங்கின. நான்கு நாளும் அம்மா கட்டிக் கொடுத்த புட்டும் வாழைப்பழமும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தன.

சப்பாத்தைத் தானே போட்டுக் கழற்றுதல், தண்ணீர்ப்போத்தலை இறுக மூடுதல், மலசலகூடத்துக்குப் போய்த் தானே கழுவிக்கொண்டு வருதல், தன் முழுப்பெயரைச் சொல்லுதல் ஆகியவையும் எழுத்துக்கு முன்னால் பழக்க வேண்டியவை. வீட்டில் “அம்மா, ஒண்டுக்கு” என்று மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளை, முப்பது பேருக்கு நடுவில் எழுந்து நின்று “ரீச்சர், எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்” என்று கேட்கத் தயங்கி, உடுப்பை நனைத்துவிட்டு, மறுநாள் பாடசாலைக்கு வரமாட்டேன் என்று அழுவதைப் பல முறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள். பையில் ஒரு மாற்றுடுப்பை வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்ததாக, வகுப்பில் உள்ள பிள்ளைகளின் வயது வேறுபாட்டைப் பெற்றோர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஜனவரி 31ஆம் திகதி 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதே இலங்கைப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கான விதி. ஆகவே ஜனவரி கடைசியில் பிறந்த பிள்ளையும், அதற்கு முந்திய ஆண்டின் பெப்ரவரித் தொடக்கத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. “பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுது, எங்கடை பிள்ளை எழுதேல்லை” என்று கவலைப்படும் பெற்றோரிடம், இரண்டு பிள்ளைகளின் பிறந்த மாதங்களைத்தான் நான் முதலில் கேட்பேன்.

தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா முடிந்து சில நாட்களுக்குள் பெற்றோரிடமிருந்து வரும் முறைப்பாடு ஒன்று உண்டு: கொப்பியில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாட்களில் ஆசிரியர் விளையாட்டுகளின் ஊடாகவும் சிறு செயற்பாடுகளின் ஊடாகவும் ஒவ்வொரு பிள்ளையையும் இனங்காண்கிறார்; எவர் பென்சிலைச் சரியாகப் பிடிக்கிறார், எவருக்குச் சொன்னது கேட்கவில்லை, எவர் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். நமது ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது: தரம் 1, 2 முதலாம் நிலை, தரம் 3, 4 இரண்டாம் நிலை, தரம் 5 மூன்றாம் நிலை. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளைக் குறித்து, முதலாம் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. பிள்ளை மேலே போகப் போக விளையாட்டு குறைந்து எழுத்துவேலை கூடும். ஆகவே தரம் 1 கொப்பியின் பக்கங்களை எண்ணி ஆசிரியரை அளப்பது பொருந்தாது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் “என்ன எழுதினாய்?” என்று கேட்பதை விட, “இண்டைக்கு என்ன விளையாடினீங்கள்? ஆர் ஆரோடை?” என்று கேட்டால் வகுப்பறையைப் பற்றி அதிகம் அறியலாம்.

தமிழ் எழுத்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையில் பெரும்பாலான இழுபறி இங்கேதான் நடக்கிறது. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை அரிசியில் “அ” எழுதியிருக்கும். முன்பள்ளியில் உயிரெழுத்துகளை ஒப்புவித்தும் இருக்கும். ஆனால் வளைவும் சுழியும் நிறைந்த “அ”, சிறு விரல்களுக்குக் கடினமான உரு. அதனால் ட, ப, ம போன்ற இலகுவான உருக்களை முதலில் எழுதவைத்து, அவற்றைக் கொண்டே பட்டம், படம், மடம் என்று சொற்களை வாசிக்கவைக்கும் ஆசிரியர் ஒழுங்கு தவறிக் கற்பிக்கிறார் என்று எண்ண வேண்டாம். வீட்டில் அதே கிழமையில் 247 எழுத்தையும் எழுதவைக்கத் தொடங்கினால், பிள்ளை வகுப்பில் படிப்பது ஒன்றாகவும் வீட்டில் படிப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும்.

நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு என்பதை வளர்ந்தவர்கள் மறந்துபோகிறோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிறந்த நாள் முதல் ஒண்டு, மூண்டு, கண்டு, பண்டி என்றுதான் கேட்டு வளர்கிறது. அந்தப் பிள்ளை தன் கொப்பியில் “பசுவும் கண்டும்” என்று எழுதினால், காது கேட்டதைக் கை சரியாக எழுதியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஒருமுறை என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த வீட்டுவேலைக் கொப்பியில், “கண்டு” என்ற சொல் இருந்த இடத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்திருந்தது. வீட்டில் அழிறப்பரால் மூன்று முறை அழித்து எழுதவைத்திருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி எச்சில் தொட்டு அழித்த கறுப்பு. அன்று முழுவதும் அவள் பென்சிலைத் தொடவில்லை. அழிக்கவைக்காமல், “நாங்கள் கண்டு எண்டு கதைப்பம், எழுதேக்கை கன்று எண்டு எழுதுவம்” என்று சொல்லி, பக்கத்தில் அந்தச் சொல்லை ஒரு முறை எழுதிக் காட்டினால் போதும். ஒன்று, மூன்று, கன்று, பன்றி என்று நான்கைந்து சொற்களை அடுத்தடுத்துக் காட்டினால், பிள்ளை தானாகவே அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும். “போறா” என்பது “போகிறார்” ஆவதும், “வாறன்” என்பது “வருகிறேன்” ஆவதும் இப்படித்தான் படியும். அதற்குக் கதைப் புத்தகங்களை உரக்க வாசித்துக் காட்டுவதை விடச் சிறந்த வழியை நான் அறியேன். இரவில் பத்து நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது.

கணிதத்திலும் பெற்றோர் அவசரப்படும் ஓரிடம் உண்டு. 27ஐயும் 15ஐயும் கூட்டுவதற்கு நாம் “ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டைப் போட்டு மிச்சம் ஒன்று” என்று பழகியவர்கள். வகுப்பில் பிள்ளை பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளை எடுத்து, இரண்டு கட்டும் ஏழு தனி ஈர்க்கும் ஒரு பக்கம், ஒரு கட்டும் ஐந்து தனி ஈர்க்கும் மறுபக்கம் வைத்து, தனி ஈர்க்குகள் பன்னிரண்டில் பத்தை எடுத்துத் தானே நூலால் கட்டி, நான்கு கட்டும் இரண்டு ஈர்க்குமாக 42 என்று காணும். அந்த “மிச்சம் ஒன்று” உண்மையில் ஒரு கட்டு, அதாவது பத்து, என்பதைக் கட்டிய கைதான் அறியும். அதை அறியாமல் சூத்திரத்தை மட்டும் பாடமாக்கிய பிள்ளை, தரம் 3இல் கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் தடுமாறும். வீட்டில் ஈர்க்கோ புளியங்கொட்டையோ எடுத்துக் கொடுங்கள். விரல் விட்டு எண்ணுவதையும் ஏளனம் செய்ய வேண்டாம்.

வீட்டுவேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும், தவறு இருந்தால் தவறோடு வரவேண்டும். ஆசிரியர் திருத்துவதற்காகத் தேடுவது அந்தத் தவறுகளைத்தான். அம்மாவின் கையால் திருத்திய கொப்பியில் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. றெஜிபோம் வெட்டி, கடையில் அச்சடித்த படம் ஒட்டி, பெற்றோர் விடிய விடியச் செய்த வீட்டு மாதிரியை விட, பிள்ளை நெருப்புப் பெட்டிகளை ஒட்டிச் சாய்வாக நிறுத்திய வீடு என் மேசையில் கூடிய மதிப்புப் பெற்றது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் போடும் கொப்பிப் படத்தைப் பார்த்து எழுதுவிப்பதும் இதே வகைதான். பிள்ளை வராத நாளில் என்ன பாடம் நடந்தது என்று அறிய மட்டும் அந்தக் குழுவைப் பயன்படுத்தினால் நல்லது.

ஆசிரியரிடம் சொல்லவேண்டியவற்றை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு, மூச்சிழுப்பு, ஒவ்வாத உணவு, காதில் சீழ் வடிதல் போன்றவற்றைத் திகதியிட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. உடல்நலத்துக்கு வெளியே உள்ளவற்றையும் மறைக்க வேண்டாம். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறது, வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்தது, அம்மாவுக்கு இன்னொரு குழந்தை பிறக்கப்போகிறது என்பவை தெரிந்தால், காரணமின்றி அழும் பிள்ளையை ஆசிரியர் வேறு கண்ணால் பார்ப்பார். பிள்ளையை ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர் யார், அவர் வராவிட்டால் யார் வருவார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். காலையில் வாசலில் மறித்துக் கதைக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஆசிரியரின் கண் முப்பது பிள்ளைகள் மீது இருக்கும். ஒரு நாள் கேட்டு, பாடசாலை விட்ட பின் பத்து நிமிடம் இருந்து கதைத்தால், இருவருக்கும் பயன் உண்டு. “எப்படிப் படிக்கிறான்?” என்று பொதுவாகக் கேட்காமல், “எதைத் தானே செய்கிறான், எதற்கு உதவி கேட்கிறான், ஆரோடு விளையாடுகிறான்?” என்று கேளுங்கள்.

ஆண்டு மூன்று தவணைகளாக ஓடும். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். வெயிலில் ஒத்திகை நடக்கும் நாட்களில் தொப்பியும் கூடுதல் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரவு பிந்திப் படுக்கும் பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கும். திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், மறுநாள் பாடசாலை இருந்தால் நேரத்தோடு திரும்புங்கள் என்றே கேட்கிறேன். மூன்றாம் தவணையில் நவராத்திரியும் வாணிவிழாவும் முடிந்த கையோடு மாரி மழை தொடங்கிவிடும். வெள்ளம் நின்ற இடங்களில் நுளம்பு பெருகி டெங்கு பரவும் காலம் அது. காய்ச்சல் உள்ள பிள்ளையைத் தவணைப் பரீட்சைக்காக அனுப்பாதீர்கள். ஆரம்ப வகுப்பில் தவறவிட்ட ஒரு பரீட்சையால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

தரம் 1இலும் தரம் 4இலும் சுகாதாரத் திணைக்களத்தினர் பாடசாலைக்கு வந்து மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலைகளில் எல்லா வகுப்புகளையும் பார்ப்பார்கள். அன்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொடுத்துவிடுங்கள், 5 வயதில் ஏற்றவேண்டிய தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: பலகையில் உள்ளதைப் பிழையாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளை, புத்தகத்தில் உள்ளதைச் சரியாக எழுதினால், கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். “கவனமில்லை” என்று ஏச்சு வாங்கிய பிள்ளைகள் பலர் மூக்குக்கண்ணாடி போட்ட மறுநாளே மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

தேர்ச்சி அறிக்கை வந்தவுடன் எத்தனையாம் பிள்ளை என்று தேடுவது பழகிய வழக்கம். அதை விட்டு, பிள்ளை எந்தத் தேர்ச்சியை அடைந்திருக்கிறது, எது இன்னும் கைகூடவில்லை என்பதை ஆசிரியரிடம் கேட்டு, கைகூடாத ஒன்றை மட்டும் விடுமுறையில் விளையாட்டாகப் பழக்குங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று தரம் 2 பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. அதன் முதலாம் வினாத்தாள் சிந்திக்கும் ஆற்றலையும், இரண்டாம் வினாத்தாள் கற்ற பாடங்களையும் பார்க்கிறது. சொந்தமாக வாசித்து விளங்கும் பிள்ளைக்கே இரண்டும் வசப்படும். மாலை நேர விளையாட்டை இழந்து, ஏழு வயதில் கடந்தகால வினாத்தாள் செய்த பிள்ளைகள் தரம் 5க்கு வரும்போது களைத்துப்போயிருப்பதைக் கண்டேன்.

பிள்ளைக்கு வகுப்பில் அடி விழுந்ததாகவோ, எவராலும் தொல்லை ஏற்பட்டதாகவோ அறிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2016ஆம் ஆண்டின் சுற்றறிக்கை மூலம் தடைசெய்திருக்கிறது. பாடம், கொப்பி பற்றிய குறையாயின் முதலில் வகுப்பாசிரியர், பின்னர் அதிபர், அதற்கும் மேலே வலயக் கல்வி அலுவலகம் என்ற ஒழுங்கில் போங்கள்; யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் உள்ளன. பிள்ளையின் பாதுகாப்புப் பற்றியதாயின் படி ஏறிக்கொண்டிருக்காமல் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஆசிரியரைத் தூற்றுவது மட்டும் வேண்டாம். மறுநாள் காலையில் அதே மனிதருக்கு முன்னால்தான் அந்தப் பிள்ளை தனியே போய் இருக்க வேண்டும்.

ஆண்டு முடிந்ததும் கொப்பிகளைப் பழைய கடதாசியோடு போட்டுவிடாமல், ஒவ்வொரு தவணையிலும் ஒன்றாக மூன்று கொப்பிகளை எடுத்து வையுங்கள். அடுத்த வகுப்புக்குப் பிள்ளை போய் இரண்டு கிழமை கழிந்த பின், அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் புதிய ஆசிரியருடன் பத்து நிமிடம் இருந்து கதையுங்கள்.