ஜூம்பா கிளாஸ்: முட்டியைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுவது எப்படி?

போன வருஷம் எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 என்று வந்தது. "சுகர் இன்னும் வரலைம்மா, வாசல்ல நிக்குது. தினமும் நடங்க" என்றார் டாக்டர். பதினொரு நாள் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் மழை, அதோடு சரி. பிறகு பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் நடக்கும் ஜூம்பாவில், அதாவது பாட்டுக்கு ஆடியே செய்யும் உடற்பயிற்சியில், சேர்ந்தேன். மூன்றாவது வாரமே வலது முட்டி வீங்கி வீட்டில் உட்கார்ந்தாயிற்று. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

ஃபீஸ் கட்டுவது, தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நிற்கும் இடம்

கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்கு ஓடாதீர்கள். இரண்டாம் வரிசை ஓரத்தில், மாஸ்டரின் கால் தெரிகிற மாதிரி நில்லுங்கள். பழைய ஏரோபிக்ஸில் "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று வாய்விட்டு எண்ணுவார்கள். ஜூம்பாவில் பெரும்பாலும் கைச்சாடைதான், மீதியை மாஸ்டரின் காலைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பிறந்த கதையே அப்படி: கொலம்பியாவின் காலி நகரத்தில், 1990களில், பெட்டோ பெரெஸ் என்ற ஆட்ட மாஸ்டர் வகுப்புக்கு ஏரோபிக்ஸ் கேசட்டை மறந்துவிட்டு வந்து, பையில் கிடந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். ஆகவே கால் தெரியாவிட்டால் நீங்கள் காலி.

படி 2: கால் மட்டும்

முதல் நான்கு கிளாஸுக்குக் கையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் சேர்த்துப் பிடிக்கப் போனால் இரண்டும் போகும். ஸ்டெப் விட்டுப்போனால் நின்றுவிடாமல் இருந்த இடத்திலேயே நடை போடுங்கள். மூச்சு வாங்கும்போது சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும்.

(குத்துப் பாட்டு போட்டால் ஒரு சின்ன சூட்சுமம். நம்ம குத்தில் ஓர் அடிக்குள் மூன்று தட்டு ஓடும். மூன்றுக்கும் கால் வைக்கப் போனால் தடுக்கும். முதல் தட்டுக்கு மட்டும் வையுங்கள்.)

படி 3: திரும்புவது

என்னை உட்கார வைத்தது இதுதான். நான் போட்டிருந்தது ஓடுவதற்கான ஷூ. அடியில் டிராக்டர் டயர் மாதிரி வெட்டு. மாடியிலோ சொரசொரப்பான ஓடு பதித்த தரை. மாஸ்டர் சட்டென்று பக்கவாட்டில் திரும்புவார், என் உடம்பும் திரும்பும், பாதம் மட்டும் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு முழுக்க முட்டியில் இறங்கும். முட்டி பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி, மடங்கி நீளத்தான் வசதி. ஊன்றிய காலில் முறுக்கினால் தாங்காது.

சரியான முறை: முதலில் குதிகாலை லேசாகத் தூக்குங்கள். எடை முன்பாதத்துக்கு வரட்டும். பாதம் திரும்பட்டும், பிறகு முட்டி, பிறகுதான் இடுப்பு. கட்டைவிரல் பார்க்கும் திசையிலேயே முட்டியும் பார்க்க வேண்டும். இதை நான் பால் காயும் நேரத்தில், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்குப் பத்து முறை பழகினேன். இரண்டு வாரத்தில் தானாக வந்தது. பால் ஒருமுறை பொங்கியது.

ஷூ விஷயத்தில் நான் கறார். அடி தட்டையான ட்ரெய்னிங் ஷூ போதும். கடையிலேயே போட்டு முன்பாதத்தில் ஊன்றிச் சுற்றிப் பாருங்கள். கவ்வினால் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி என்றாலும். வெறுங்காலில் குதிப்பதும் வேண்டாம்.

படி 4: எவ்வளவு வேகம்?

ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அது மிதமான வேகம். இதில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50 நிமிட கிளாஸ் மூன்று போனால் குறைந்தபட்சம் நிறைந்துவிடும். மூன்றையும் தொடர்ந்து போகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள். வேலை செய்த தசை, இன்சுலின் அதிகம் கேட்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

"ஒரு கிளாஸுக்கு ஆயிரம் கலோரி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 2012இல் அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சில் 19 இளம்பெண்களை வைத்து அளந்தபோது நிமிடத்துக்குச் சராசரி 9.5 கலோரிதான் வந்தது. அவர்களும் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள்.

ஆறு மாதம் கழித்து எனக்கு ஹெச்பிஏ1சி 5.8. ராத்திரி பரோட்டாவையும் நிறுத்தியிருந்தேன், எனவே முழுப் பெருமையும் ஆட்டத்துக்குப் போகாது. ஆனால் மழை நாளிலும் போனேன், அது ஆட்டத்தால்தான்.

பின்சேர்க்கை 1: வாட்ச்சில் இதயத் துடிப்பு ஏறவே இல்லை என்று ஒரு தோழி எழுதியிருந்தார். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறாராம். அந்த மாத்திரை துடிப்பை அதிகம் ஏறவிடாது, அதிகபட்சத் துடிப்புக்குச் சொல்லும் "220இலிருந்து வயதைக் கழி" கணக்கு அவருக்குப் பொருந்தாது. பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்ற பேச்சுச் சோதனையையே நம்புங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் ஆடும் முன் சர்க்கரை பார்த்து, டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது, வெட்கமாக இருக்கிறது என்று மூன்று பேர் தனியாக எழுதினார்கள். குதிக்கிற ஸ்டெப்பை நடக்கிற ஸ்டெப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார். மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சொன்னால் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி தருவார்கள். எங்கள் கிளாஸில் பெண்களாக உட்கார்ந்து பேசியபோது நாலு பேர் கை தூக்கினோம். ஆமாம், தூக்கினோம்.