கதிரியக்க மருந்து உடலில் இருக்கும்போது காவலரின் கருவி ஒலித்தால் செய்ய வேண்டியவை

மிகையாகச் சுரந்த தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்ட ஒருவர், மூன்று வாரங்கள் கழித்துத் தம் மருத்துவரிடம் ஒரு மனக்குறையோடு திரும்பி வந்தார். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் சுரங்க ரயில் நிலையங்களில் காவலர்கள் அவரை இருமுறை தடுத்து நிறுத்தி, ஆடைகளைக் களையச் செய்து சோதனையிட்டிருந்தனர். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே 2002-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதி வெளியிட்ட நிகழ்வு இது. அந்த நோயாளி எந்தக் குற்றமும் செய்யவில்லை. கதிரியக்கத்தைக் கண்டறியக் காவலர் வைத்திருந்த கருவியும் தவறாக ஒலிக்கவில்லை, ஏனென்றால் நோயாளியின் உடலிலிருந்து காமா கதிர்கள் உண்மையிலேயே வெளிவந்துகொண்டிருந்தன. இவ்விரு உண்மைகளையும் சில நிமிடங்களில் ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட ஒரு தாளும், யாராவது எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும் போதும். அவற்றை எப்படிப் பெறுவது, எப்போது கையில் வைத்திருப்பது, தடுத்து நிறுத்தப்பட்டால் எப்படி நடந்துகொள்வது, நிறுத்தும் காவலர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், மேமோகிராம், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்குப் பிறகு உடலில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை, எம்.ஆர்.ஐ.யில் அத்தகைய கதிர்வீச்சே கிடையாது. புற்றுநோய்க்கு வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் கதிர் பாய்ச்சிக்கொள்பவர்களும் சிகிச்சை அறையை விட்டு வெளியே வந்தபின் யாருடைய கருவியையும் ஒலிக்க வைக்கமாட்டார்கள். கதிரியக்கப் பொருளை ஊசி வழியாகவோ மாத்திரையாகவோ உடலுக்குள் செலுத்தும் அணு மருத்துவச் சோதனைகள், சிகிச்சைகள், புரோஸ்டேட் போன்ற உறுப்புகளில் பதிக்கப்படும் கதிரியக்க விதைகள் (கதிரியக்கப் பொருள் அடைத்த சிறு உலோகத் துண்டுகள்) ஆகியவையே கருவியை எழுப்புகின்றன. மூட்டு மாற்று உலோகம் விமான நிலைய வாயிலை ஒலிக்கச் செய்வது வேறு கதை. அது உலோகத்தைக் கண்டறியும் கருவி, அதற்கும் கதிரியக்கத்துக்கும் தொடர்பில்லை.

காவலர்கள் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் கருவி பழைய பேஜர் அளவில்தான் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் சிறு படிகத்தில் காமா கதிர் ஒன்று மோதும்போது மின்னி மறையும் ஒளியை அது எண்ணுகிறது. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் கட்டடக் கற்களிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் பின்னணி அளவை அறிந்து வைத்துக்கொண்டு, எண்ணிக்கை அதைத் தாண்டிய உடனே அதிர்கிறது அல்லது ஒலிக்கிறது. ஆபத்தான அளவு வரும்வரை அது காத்திருப்பதில்லை. மறைத்துக் கொண்டுசெல்லப்படும் பொருளைத் தேடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால், மிகச் சிறிய உயர்வையும் அது சொல்லிவிடும். எனவே கருவி ஒலித்தது என்பதற்கு, அருகில் நிற்பவர்களுக்கு ஆபத்து என்று பொருளில்லை. அயோடின் சிகிச்சைக்குப் பின் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்குமாறு மருத்துவர் சொல்லும் நாட்கள் ஒரு கணக்கு; கருவி கண்டுபிடிக்கக்கூடிய நாட்கள் அதைவிட மிக நீண்ட வேறொரு கணக்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, வாரக்கணக்கில் தம் பிள்ளையைத் தொடவும் அஞ்சுபவர்களை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. விலகியிருக்க வேண்டிய நாட்களை மருத்துவமனையிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாட்கள் என்பது பொருளைப் பொறுத்தது. ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். பெட் (PET) ஸ்கேனில் பயன்படும் ஃப்ளூரின்-18க்கு அது 110 நிமிடங்கள். எலும்பு ஸ்கேனிலும் பெரும்பாலான இதய ஸ்கேன்களிலும் பயன்படும் டெக்னீசியம்-99எம்-க்கு 6 மணி நேரம். சில இதயச் சோதனைகளில் இன்றும் பயன்படும் தாலியம்-201க்கு ஏறத்தாழ 3 நாட்கள். தைராய்டு சிகிச்சையின் அயோடின்-131க்கு 8 நாட்கள். காவலர்கள் அணியும் கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, பெட் ஸ்கேன் செய்துகொண்டவர் ஏறக்குறைய ஒரு நாள் வரையிலும், எலும்பு ஸ்கேன் செய்துகொண்டவர் 3 நாட்கள் வரையிலும், தாலியம் பெற்றவர் 30 நாட்கள் வரையிலும், அயோடின்-131 சிகிச்சை பெற்றவர் 95 நாட்கள் வரையிலும் கருவியை எழுப்பக்கூடும் என்று கண்டது. புரோஸ்டேட்டில் பதிக்கப்படும் அயோடின்-125 விதைகளின் அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாட்கள். அவற்றின் கதிர்கள் வலுக்குறைந்தவை, பெரும்பகுதியை உடலே தடுத்துவிடும், ஆனாலும் மாதக்கணக்கில் தாளைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 2003 டிசம்பரில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவமனைகளுக்கு அனுப்பிய அறிவிப்பில், நோயாளிகள் இப்படிக் கண்டறியப்படக்கூடும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச்சொல்லுமாறு நினைவூட்டியது. இருந்தாலும், கேட்காமலே எல்லா இடத்திலும் தருவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில், உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே உங்கள் பெயர், செய்யப்பட்ட சோதனை அல்லது சிகிச்சை, அது நடந்த தேதி, செலுத்தப்பட்ட கதிரியக்கப் பொருளின் பெயர், அதன் அரை ஆயுள், செலுத்திய அளவு, எதுவரை கருவியில் தெரியக்கூடும் என்ற மதிப்பீடு ஆகியவை இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண். மாலையில் பூட்டிவிடும் துறையின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை இரவு நெடுஞ்சாலையில் நிற்கும் உங்களுக்கு அந்தத் தாளால் பாதிப் பயன்கூட இல்லை. அந்த எண்ணுக்கு வீட்டிலிருந்து ஒருமுறை அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது மிகையான எச்சரிக்கை ஆகாது.

தாளை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம், ஆனால் மூலத்தாளுக்கு இருக்கும் மதிப்பு படத்துக்கு இருக்காது. ஸ்கேன் முடிந்த அன்றே காரில் வீடு திரும்புபவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2012-இல் இதயச் சோதனை முடிந்து அதே நாளில் கார் ஓட்டிச் சென்ற ஒருவரை, ரோந்து வாகனத்தில் இருந்த கருவி கண்டுபிடித்துவிட்டதால் மாநிலக் காவலர் நிறுத்தினார். ஓடும் வண்டிக்குள் இருப்பவரையும் அது உணரும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நாட்டின் எல்லையைக் கடக்கும் பயணமோ துறைமுகம், அரசு அலுவலகம் போன்ற இடங்களுக்குச் செல்வதோ முன்கூட்டியே தெரிந்திருந்து, தள்ளிப்போட முடிந்தால், அப்படிச் செய்வது எளிது. முடியாவிட்டால் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்தப்பட்டால் முதலில் நில்லுங்கள். கைகளைக் காவலர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, “எனக்கு இந்தத் தேதியில் கதிரியக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்திருக்கிறார்கள், மருத்துவமனைக் கடிதம் என் பையில் இருக்கிறது, எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, அனுமதி கிடைத்த பின்னரே கையைப் பைக்குள் விடுங்கள். கடிதம் இருக்கிறதே என்ற துணிவில் அவசரமாகப் பையைத் திறப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். கருவி ஒலித்துப் பரபரப்பில் இருக்கும் காவலருக்கு அந்த அசைவு வேறு மாதிரித் தோன்றும். நோயின் பெயரைச் சுற்றி நிற்பவர்கள் கேட்கும்படி சொல்ல விருப்பமில்லையென்றால், சற்று ஒதுக்குப்புறமாகப் பேசலாமா என்று கேட்பதில் தவறில்லை. மருந்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொன்னால், கருவி காட்டுவதற்கும் நீங்கள் சொல்வதற்கும் முரண் வந்து நேரம் நீளும்.

இனிக் காவலர் பக்கம். கருவி ஒலித்த மாத்திரத்தில் ஒருவரை ஐயத்துக்குரியவராக நடத்துவதும், கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் போகவிடுவதும் இரண்டுமே பிழை என்பது என் கருத்து. முதல் வேலை, கதிர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது. பையையும் மேலங்கியையும் கீழே வைத்துவிட்டு ஏழெட்டு அடி தள்ளி வந்து நிற்கச் சொல்லுங்கள். தொலைவு இரட்டிப்பானால் அளவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், கருவியைப் பையருகே கொண்டுபோனால் எண் விழுந்து, ஆளருகே வந்தால் எண் எழுகிறதா என்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும். பிறகு, உடலைத் தொடாமல், தலையிலிருந்து கீழே மெதுவாகக் கருவியை இறக்கிப் பாருங்கள். தைராய்டுக்கு அயோடின் எடுத்தவரிடம் கழுத்தருகே எண் உச்சத்துக்குப் போகும். எலும்பு ஸ்கேன் செய்துகொண்டவரிடம் உடல் முழுதும் பரவித் தெரிந்து, சிறுநீர்ப்பை இருக்கும் அடிவயிற்றில் கூடும். புரோஸ்டேட் விதைகள் இடுப்புக்கூட்டுக்குள் மட்டும் தெரியும். ஆடையின் ஒரு பையிலோ கணுக்காலிலோ மட்டும் கூர்மையாக எழும் எண்ணுக்கு மருத்துவ விளக்கம் பெரும்பாலும் இராது. இதற்கு ஆடைகளைக் களைய வேண்டிய தேவையே இல்லை. காமா கதிர் துணியைக் கடந்துதான் வருகிறது.

அடுத்தது, கடிதமும் கருவியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது. பொருளின் வகையைக் கண்டறியும் கையடக்கக் கருவி இருந்தால், அதன் வரைபடத்தில் டெக்னீசியம் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலும் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு), அயோடின்-131 364-இலும், பெட் ஸ்கேன் மருந்து 511-இலும் கூர்முனை காட்டும். உடல் திசுவைக் கடந்து வரும்போது கதிர்கள் சிதறுவதால் வரைபடம் சற்றுக் கலங்கியே தெரியும். கருவி பெயர் சொல்லத் தடுமாறினால், ஒரு நிமிடம் கூடுதலாக அளந்து பாருங்கள். அந்தக் கருவி இல்லாவிட்டாலும் தேதியே பெரிய சாட்சி. கடிதம் பத்து நாட்களுக்கு முன் டெக்னீசியம் செலுத்தியதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நாட்கள் 240 மணி நேரம், அதாவது 40 அரை ஆயுட்காலம், செலுத்தியதில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இப்போது மிஞ்சியிருக்காது. கடிதம் உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் இப்போது ஒலிக்கும் கருவிக்கு அது விளக்கம் ஆகாது. கருவியில் நியூட்ரான்களை (காமா கதிரிலிருந்து வேறான ஒரு வகைத் துகள்) கணக்கிடும் பகுதி ஒலித்தாலும் அப்படித்தான். மேலே சொன்ன மருந்துகள் எதுவும் நியூட்ரான்களை வெளியிடுவதில்லை, எனவே அப்போது தாமதமின்றி மேலிடத்துக்குத் தகவல் போக வேண்டும். மற்றவை பொருந்தினால், கடிதத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் மருத்துவமனையின் பொது எண் வழியாக ஒருமுறை பேசி உறுதி செய்துகொண்டு, அந்த மனிதரை அனுப்பிவிடலாம். அந்தச் சில நிமிடங்கள் அவரருகே நிற்பதால் காவலருக்குக் கிடைக்கும் கதிர் அளவு பொருட்படுத்தத் தக்கதன்று. கையுறை தேடி ஓடுவதும், கூட்டத்தை அலற விரட்டுவதும் நோயாளியை அவமானப்படுத்துவதைத் தவிர வேறெதற்கும் உதவா.

வீட்டுக் குப்பையும் இதில் சேரும். அயோடின் பெற்றவரின் சிறுநீர், வியர்வை, எச்சில் பட்ட அணையாடை, காகிதத் துவாலை முதலியவை குப்பை வண்டியில் ஏறினால், குப்பைக் கிடங்கின் வாயிலில் உள்ள கருவி ஒலித்து, மொத்த வண்டியும் நிறுத்தப்பட நேரிடலாம். அவற்றைத் தனிப் பையில் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்துவிட்டு, 80 நாட்கள் போனபின் வெளியேற்றினால், பத்து அரை ஆயுட்காலம் கடந்து ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். உங்கள் மருத்துவமனை இதற்கு வேறு வழிமுறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கடைசியாக, கடிதத்தில் குறித்த நாட்கள் முடிந்து வெகு காலம் கழித்தும் கருவி உங்களைக் கண்டு ஒலித்தால், அதைக் காவலரின் தொல்லை என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 2011-இல், ருபிடியம்-82 கொண்டு இதய ஸ்கேன் செய்துகொண்ட இருவர், மாதங்கள் கழித்து அமெரிக்க எல்லையைக் கடந்தபோது அங்கிருந்த கருவிகளில் சிக்கினார்கள். ருபிடியம்-82இன் அரை ஆயுள் 75 விநாடிகள்தான். அது அன்றைக்கே இல்லாமல் போயிருக்க வேண்டும். சோதித்ததில், ருபிடியத்தைத் தயாரிக்கும் சாதனத்திலிருந்து கசிந்த, அதைவிட மிக மெதுவாகக் குறையும் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் அவர்கள் உடலில் தங்கியிருந்தது தெரியவந்தது; அந்த மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எல்லைச் சாவடியில் காவலர் காட்டிய எண், ஒலித்த நேரம், கருவி சொன்ன பொருளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால், மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும்.