நீலமாகத் தெரிவதெல்லாம் இளசு அல்ல

2014-இல் கிரேட்டர் விண்மீன் குழுவில் மங்கலான ஒரு நட்சத்திரக் கொத்து தட்டுப்பட்டது. சிலியிலிருந்தும் ஹவாயிலிருந்தும் வானத்தைப் படம்பிடித்த இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. தொலைவு சுமார் 4,70,000 ஒளியாண்டு. அதுவரை தெரிந்த எந்தக் கோளக் கொத்தும் பால்வீதியில் அவ்வளவு விலகி இல்லை.

ஒரு குழு அதைக் கோளக் கொத்து என்றது, அதாவது ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த பழைய நட்சத்திரங்களின் உருண்டைத் திரள். மற்றதோ குறு விண்மீன் மண்டலமாக (சின்ன கேலக்ஸி) இருக்கலாம் என்றது. நட்சத்திரங்களை நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் ஏற்பப் புள்ளியிடும் நிறம்-பிரகாச வரைபடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நீல நட்சத்திரங்கள் தெரிந்ததே காரணம்; நீலம் பொதுவாக இளமையின் அடையாளம். அவை அந்தக் கொத்தைச் சேர்ந்தவை என்றால், 40 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே நட்சத்திரங்கள் பிறந்திருக்க வேண்டும். கோளக் கொத்து அப்படித் தவணை முறையில் பெற்றுக்கொண்டிருக்காது.

அந்த 'என்றால்' அவர்களே போட்ட நிபந்தனை. நாம்தான் அதை உதிர்த்துவிட்டுப் படிக்கிறோம். 2016-இல் வெளியான ஹப்பிள் ஆய்வு இன்னும் மங்கலான நட்சத்திரங்கள்வரை அளந்தது. ஒரே வயது பொருந்தியது: சுமார் 750 கோடி ஆண்டு. அதற்கு ஒத்துவராமல் மேலே நின்ற சில, நீலப் பின்தங்கிகளாகக் கணிக்கப்பட்டன. துணை நட்சத்திரத்தின் பொருளை உறிஞ்சியோ அதனுடன் இணைந்தோ எடை கூடி, இளமை வேடம் போடும் கிழங்கள் அவை.

அடுத்த வம்பு, வயதும் உலோக அளவும் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் பங்கு) ஒன்றின் வேடத்தை ஒன்று போடுவது. உலோகம் குறைந்தாலும் நீலம், வயது குறைந்தாலும் நீலம். சில செம்பூதங்களின் (உப்பிச் சிவந்த முதிய நட்சத்திரங்கள்) நிறமாலையாவது கையில் இல்லாமல் வயதை அறிவிக்க வேண்டாம்.

வயது கணிப்பவர்கள் வழியில் உள்ள தூசியையும் மறப்பார்கள். 1998-இன் தூசி வரைபடத்தை 2011-இல் சோதித்தபோது, சிவப்பேற்றத்தை, அதாவது தூசி ஒளியைச் சிவப்பாக்கும் அளவை, 14% கூட்டிக் காட்டுவது தெரிந்தது. பழைய எண்ணை அப்படியே போட்டால் தொலைவு நழுவும். தொலைவில் 0.1 மேக்னிட்யூட் (பிரகாச அளவுகோலின் அலகு) பிசகினால் வயதில் ஏறக்குறைய 10% போச்சு. முன்னால் நிற்கும் பால்வீதி நட்சத்திரங்களைக் கழிக்கப் பக்கத்து வானத்தையும் அளக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, பிறப்பிடம். உலோகம் குறைந்த கொத்துக்கு 750 கோடி ஆண்டு இள வயதுதான். பால்வீதி விழுங்கிய ஏதோ சிறு மண்டலத்தில் வளர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. ஒளிஅளவியல் (பிரகாசத்தையும் நிறத்தையும் அளப்பது) அதற்குமேல் சொல்லாது, கொத்து ஓடும் பாதை தெரிய வேண்டும். நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடினாலும், இந்தத் தொலைவில் அது ஆண்டுக்கு ஒரு மில்லி ஆர்க்செகண்டில் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) ஏழில் ஒரு பங்குதான் நகர்ந்து தெரியும்.