குண்டை நோக்கிப் போங்கள்: ட்ரெஷர் கேம்களை ஆடத் தொடங்குவது எப்படி

ட்ரெஷர் நிறுவனத்தின் இகருகா என்ற ஷூட்டரை (சுட்டுத் தள்ளும் கேமை) ஆசையாக வாங்கி, முதல் சாப்டரிலேயே நாலைந்து தடவை செத்து, "இது நமக்கு ஒத்து வராது" என்று மூடி வைத்துவிட்ட நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்கள் எல்லோருமே நன்றாக ஆடுகிறவர்கள்தான். வேறு ஷூட்டர்களில் பல வருஷம் ஆடிப் பழகிய கை, குண்டு வந்தால் தானாக விலகுகிறது. ட்ரெஷர் கேம்களில் அந்தப் பழக்கம்தான் காலை வாருகிறது. எதிரி போடும் குண்டு இங்கே உங்களுக்கான சாப்பாடு. இதை மனதில் வாங்கிக்கொண்டால் இவர்களுடைய முக்கால்வாசி கேம்கள் தானே திறந்துகொள்ளும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். கொனாமியில் வேலை பார்த்த மசாட்டோ மேகாவாவும் சில சகாக்களும், பழைய வெற்றிகளுக்கே தொடர்ச்சிப் பாகம் போட்டுக்கொண்டிருந்தது பிடிக்காமல், 1992-ல் வெளியே வந்து தொடங்கிய சின்ன நிறுவனம் ட்ரெஷர். அடுத்த வருஷமே சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் கன்ஸ்டார் ஹீரோஸ் வந்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் விரிவாக்கச் சந்தாவில் இருக்கும் மெகா டிரைவ் தொகுப்பில் அது இருக்கிறது.

ஆரம்பத்திலேயே ஃபிக்ஸ்ட், ஃப்ரீ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஃபிக்ஸ்ட் என்றால் சுடும்போது நின்ற இடத்திலேயே நின்று எட்டுத் திசையிலும் குறி வைக்கலாம், ஃப்ரீ என்றால் ஓடிக்கொண்டே சுடலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஃப்ரீதான் சரி. அடிப்படை ஆயுதம் நான்கு: ஃபோர்ஸ், லைட்னிங், சேஸர், ஃபயர். இரண்டு இரண்டாகச் சேர்த்தால் புது ஆயுதம் கிடைக்கும். லைட்னிங்கையும் சேஸரையும் சேர்த்தால் மின்னல் கோடு எதிரியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், குறி வைக்கும் கவலையே இல்லை. முதல் தடவை அதோடு போய் கேமின் முழு உருவத்தையும் பாருங்கள். அடுத்த தடவை ஃபயரோடு லைட்னிங். கை நீளத்துக்கு ஒரு ஒளிவாள் மாதிரி வரும், அதனால் எதிரியின் மூக்குக்கு முன்னால் போய்த்தான் அடிக்க முடியும். இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் கேம் என்ன கேட்கிறது என்று புரியும். சிப்பாய்களைத் தூக்கி எறியலாம், சறுக்கி உதைக்கலாம், அவர்கள் வீசும் வெடிகுண்டைப் பிடித்து அவர்கள் மேலேயே திருப்பி வீசலாம். குண்டு உங்களுக்கான சாப்பாடு என்று சொன்னேனே, அதன் முதல் பாடம் இதுதான்.

சுரங்க ஸ்டேஜில் செவன் ஃபோர்ஸ் என்று ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, வரும். நீங்கள் தள்ளுவண்டியில் பாய்ந்துகொண்டிருப்பீர்கள், தரையிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து தரைக்கும் மாறி மாறித் தாவ வேண்டும், அதற்குள் அந்த இயந்திரம் ஓடும் மனிதன், புலி, கழுகு, நண்டு என்று உருவம் மாறிக்கொண்டே வரும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் அந்தச் சண்டையில் எனக்கு மூச்சு வாங்குகிறது. தோற்றால் பரவாயில்லை, செத்த பிறகு மறுபடி தொடரும் கன்டின்யூவுக்குக் கணக்கே கிடையாது.

சரி, இப்போது இகருகா. 2001-ல் காசு போட்டு ஆடும் ஆர்கேடில் வந்தது, அப்புறம் ட்ரீம்காஸ்ட், கேம்கியூப் கன்சோல்கள் என்று போய், கம்ப்யூட்டருக்கான ஸ்டீமில் 2014-லும் ஸ்விட்ச்சில் 2018-லும் கிடைத்தது. மொத்தம் ஐந்தே சாப்டர். உங்கள் கப்பல் வெள்ளையாகவும் கருப்பாகவும் மாறும். உங்கள் நிறத்திலேயே வரும் குண்டு உங்களை ஒன்றும் செய்யாது, உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மாற்று நிறக் குண்டு ஒன்று பட்டாலும் போச்சு. எதிரியை அவனுக்கு எதிர் நிறத்தில் அடித்தால் சேதம் இரட்டிப்பு. இழுத்துக்கொண்ட குண்டுகள் சக்தியாகச் சேரும், பட்டனைத் தட்டினால் அதிகபட்சம் பன்னிரண்டு ஹோமிங் லேசர்கள் எதிரியைத் தேடிப் பாயும். பவர்-அப் எதுவும் கிடையாது. விதி இவ்வளவுதான்.

நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. கேமை ஈஸியில் வையுங்கள். ஈஸியில் செத்த எதிரியிடமிருந்து குண்டு வராது. நார்மலில் ஒத்த நிறத்தில் கொன்றால் அவனிடமிருந்து குண்டு சிதறும், ஹார்டில் எந்த நிறத்தில் கொன்றாலும் சிதறும். ஈஸியில் முதல் சாப்டரைத் தொடங்கி, சுடும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். சுடவே வேண்டாம். நிறம் மாற்றும் பட்டன் மட்டும். வெள்ளைக் குண்டு கூட்டமாக வந்தால் வெள்ளையாக மாறி, ஓரமாக ஒதுங்காமல் அதன் நடுவிலேயே போய் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிஷம் கை விலகத்தான் பார்க்கும், பிடித்து வையுங்கள். குண்டுகள் கப்பலில் கரைந்து சக்தி ஏறுவதைக் கண்ணால் பார்த்ததும் உடம்பு தளரும், திரை அப்புறம் வேறு மாதிரி தெரியும்: குண்டுகளாகத் தெரிந்தது வெள்ளைப் பகுதி, கருப்புப் பகுதி என்று இரண்டு இடங்களாகத் தெரிய ஆரம்பிக்கும். பாஸ் வந்தாலும் பயப்படாதீர்கள், ஒவ்வொரு பாஸுக்கும் கடிகாரம் ஓடுகிறது, அது முடியும்வரை நீங்கள் சாகாமல் இருந்தால் பாஸே போய்விடும். ஒரு குண்டுகூடச் சுடாமல் முழு கேமையும் முடிக்கிற ஆட்களே இருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சியை மூன்று நாள் செய்த பிறகு சுட ஆரம்பியுங்கள். ஸ்கோர் ஆசை வந்தால் செயின் இருக்கிறது: ஒரே நிறத்தில் மூன்று எதிரிகளை அடுத்தடுத்து வீழ்த்தினால் ஒரு செயின், அடுத்த மூன்றும் ஒரே நிறமாக இருந்தால் அது தொடரும், முதல் செயினுக்கு 100 புள்ளி, அப்புறம் 200, 400 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்பதாவதில் 25,600-ல் நிற்கும். மூன்றுக்குள் ஒரு நிறம் தப்பினால் முதலிலிருந்து. தொடக்கத்தில் இதைத் தொடாதீர்கள், ஆட்டத்தைக் கெடுக்கும். ஒரு சாப்டராவது சாகாமல் முடிக்க வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, செட்டிங்ஸில் திரையைத் திருப்பும் வசதி இருக்கிறது, ஸ்விட்ச்சை நிமிர்த்தி வைத்து ஆடிப் பாருங்கள். இது நிமிர்ந்த திரைக்காகவே செய்த கேம்.

ஏலியன் சோல்ஜர் 1995-ல் மெகா டிரைவின் கடைசிக் காலத்தில் வந்தது, ஏறக்குறைய முழுக்க பாஸ் சண்டைதான். கடினத்தில் சூப்பர்ஈஸி, சூப்பர்ஹார்ட் இரண்டே இரண்டு. தயங்காமல் சூப்பர்ஈஸியை எடுங்கள், அதுவே கடினம். சுடும் பட்டனை இரண்டு தடவை சட்டென்று தட்டினால் எதிரில் வரும் குண்டு உங்களுக்கு உயிராக மாறும். உயிர் முழுதாக நிரம்பிய நிலையில் கீழ்த்திசையோடு ஜம்ப்பை அழுத்தினால் நெருப்பாகப் பாய்ந்து பாஸைக் குத்துவீர்கள். குண்டைத் தின்று உயிரை நிரப்பு, நிரம்பியதும் பாய், மறுபடி தின்னு. இந்தச் சுழற்சி கைக்கு வராதவரை வேறு எதையும் கற்க வேண்டாம், ஆயுதம் மாற்றுவதுகூட அப்புறம்தான்.

சின் அண்ட் பனிஷ்மென்ட் நிண்டெண்டோ 64-ல் 2000-ல் ஜப்பானில் மட்டும் வந்தது, ஆனால் குரல்கள் ஆங்கிலம், அதனால் மொழி தடையில்லை. இதுவும் ஸ்விட்ச் ஆன்லைன் விரிவாக்கச் சந்தாவில் உண்டு. ஏவுகணை பக்கத்தில் வந்ததும் வாளால் அடியுங்கள், எதிரிமேலேயே போய் விழும். இதுவரை சொன்னதை ஆடியவருக்கு இது உடனே பிடிபடும்.

ரேடியன்ட் சில்வர்கன்னைக் கடைசியாக வையுங்கள். 1998-ல் ஆர்கேடிலும் சேகாவின் சாட்டர்ன் கன்சோலிலும் வந்தது, இப்போது ஸ்விட்ச்சிலும் ஸ்டீமிலும் கிடைக்கிறது. மூன்று பட்டனில் ஏழு ஆயுதம், அதில் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் வாள் இளஞ்சிவப்புக் குண்டுகளை விழுங்கும், பத்து விழுங்கினால் பெரிய வீச்சு. ஆயுதங்கள் ஸ்கோர் செய்யச் செய்யத்தான் பலமாகும், அதனால் சும்மா தப்பித்துப் போனால் பின்பாதியில் பாஸ்கள் கல்லு மாதிரி நிற்பார்கள். கதையோடு வரும் மோடில் ஆடுங்கள், ஏற்றிய லெவல் சேமிக்கப்படும், இன்று தோற்றாலும் நாளைக்கு இன்னும் கொஞ்சம் பலமான கப்பலோடு தொடங்கலாம்.

கார்டியன் ஹீரோஸும் மிஸ்சிஃப் மேக்கர்ஸும் எனக்கு உயிர், ஆனால் அவை தனிக் கதை. பாங்கை-ஓ கேமைப் பற்றி மட்டும் ஒரு வரி: உங்களைச் சுற்றி எத்தனை குண்டு இருக்கிறதோ அவ்வளவு பெரிதாக உங்கள் பதிலடி வெடிக்கும், எனவே பட்டனைத் தொடும் முன் இன்னும் ஒரு கணம் பொறுத்து, அவை நெருங்கி வரட்டும்.