மலை நடையில் சாக்ஸ் எரிச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவில் மலையேறக் கிளம்பும் நம்மவர்கள் ஷூவைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். சாக்ஸ் மட்டும் அலமாரியில் கைக்கு அகப்பட்டதுதான். அதுவும் பெரும்பாலும் பருத்தி. உடம்புக்குப் பருத்தியே நல்லது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. சட்டைக்குச் சரி, நாள் முழுக்க நடப்பதற்கு அது சரிப்படாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்ளும், லேசில் காயாது. ஈரத்தில் ஊறிய தோல், உலர்ந்த தோலைவிட அதிகமாகத் துணியோடு ஒட்டி இழுபடும். சிவப்பும் அரிப்பும் கொப்புளமும் அங்கேதான் தொடங்குகின்றன. மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி அல்லது பாலியெஸ்டர் கலந்த சாக்ஸ் வாங்குங்கள். "கம்பளி குத்துமே" என்று அம்மாக்கள் தயங்குவார்கள். மெரினோ இழை மிக மெல்லியது, போர்வைக் கம்பளி போலக் குத்தாது.

3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் உச்சியில் சூரியோதயம் பார்க்க இருட்டிலேயே ஏறுபவர்கள், குளிருக்குப் பயந்து தடித்த சாக்ஸ் இரண்டைப் போட்டுக்கொள்கிறார்கள். ஷூ இறுகும், எலாஸ்டிக் கணுக்காலில் பதியும், வியர்வை தேங்கும். உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது என்று போடலாம், ஷூவில் இடம் இருந்தால் மட்டும்.

எரிமலைப் பக்கம் போனால் தொல்லை வேறு மாதிரி. அங்கே கரடுமுரடான எரிமலைப் பொடிக்கல் சாக்ஸுக்குள் புகுந்து தோலைத் தேய்க்கும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று அதோடு நடப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. குதிகால் சுடுவது போலத் தோன்றியதுமே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உதறுங்கள், சாக்ஸை மாற்றுங்கள், சிவந்த இடத்தில் காகித டேப் ஒட்டுங்கள். மலைகள் சூழ்ந்த பள்ளமான மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. உள்ளே இறங்கிய பிறகு கால் கெட்டால், அதே காலோடுதான் ஏறி வர வேண்டும்.

கணுக்காலுக்கு மேலே சிவந்து தடித்தால் உடனே "சாக்ஸ் அலர்ஜி" என்று சொல்லிவிடுகிறோம். எங்கே சிவந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எலாஸ்டிக் பட்டை பதிந்த இடத்தில் மட்டும் அரித்தால், ரப்பரிலுள்ள வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். சாக்ஸ் மூடிய பகுதி முழுக்க அரித்தால், சாயத்தையோ சரியாக அலசாத சோப்புத்தூளையோ சந்தேகிக்கலாம். ஆனால் சாக்ஸ் மூடிய தோல் நன்றாக இருந்து, அதற்கு மேலே மட்டும் செந்திட்டுகள் தோன்றினால், அது வெயிலில் நெடுநேரம் நடந்ததால் சிறு இரத்தக் குழாய்களில் வரும் அழற்சியாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானாக மறையும். இதற்குப் போய் சாக்ஸை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

வியர்வையை நிறுத்த காலில் வியர்வைத் தடுப்பான் பூசுவதும் சிலரின் வழக்கம். 1998-இல் வெளியான ஆய்வில், அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களில் ஒரு பாதியினர் அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தையும், மற்றவர்கள் மருந்தில்லாத போலிக் கலவையையும் பூசிக்கொண்டு 21 கிலோமீட்டர் நடந்தார்கள். போலிக் கலவை பூசியவர்களில் 48 சதவீதத்தினருக்குக் கொப்புளம் வந்தது, மருந்து பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் தோல் எரிச்சல் போலிக் கலவைக்காரர்களில் 6 சதவீதம், மருந்து பூசியவர்களிலோ 57 சதவீதம்! டால்கம் பவுடரும் வேண்டாம், வியர்வையில் கட்டிதட்டி அதுவே உறுத்தும். வாசலின் கொஞ்சமாகத் தடவலாம்.

கொப்புளத்தை ஊசியால் குத்திவிட்டு ஆற்றில் கால் நனைப்பது இந்தத் தீவில் உண்மையிலேயே ஆபத்து. எலிக்காய்ச்சல் இங்கே உண்டு, மழைக்காலத்தில் அதிகம். அந்தக் கிருமி சேறு, நன்னீர் வழியாகப் புண்ணுக்குள் நுழையும். உடையாத கொப்புளத்தை அப்படியே மூடி வையுங்கள். உடைந்துவிட்டால் சுத்தமான நீரில் கழுவி, நீர் புகாத பிளாஸ்டர் போடுங்கள். நடந்து திரும்பிய சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எரிச்சல் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மரத்திருந்தால் எரிச்சலே தெரியாது. ஒவ்வொரு ஓய்விலும் சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கையும் குதிகாலையும் கண்ணால் பாருங்கள், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.